முன் அச்சுக்குச் சிவப்பு

அவருடைய பட்டறையிலிருந்து போன எந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தாலும், அச்சில் இருக்கும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு தெரியும். போதுமான அளவு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும் ஸ்பேனரால் முறுக்கிவிட்டுத்தான் பொட்டு வைப்பார். வைத்த பிறகு இன்னொரு முறை முறுக்கிப் பார்ப்பார். கை கழுவப் போகிறவர் பாதி வழியில் திரும்பி வந்து மூன்றாவது முறையும் பார்ப்பார். அந்தத் தெருவில் அவருக்குப் பொட்டுக்காரர் என்றே பெயர்.

கவனமான மனிதர் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் கவனம் வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடும். பயம் அப்படி இல்லை, அது வண்டியோடு சேர்ந்து தெருவில் இறங்கிப் போகும். பொட்டுக்காரர் செய்து அனுப்பிய வண்டிகள் எங்கெங்கே ஓடிக்கொண்டிருந்தனவோ அங்கெல்லாம் அவரும் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தார்.

இருபத்துநாலு வயதில் ஒரு லாரியின் பின் அச்சைக் கழற்றிப் பூட்டினார். போல்ட் கழன்று வராமல் இருக்க, அதன் அடியில் போடும் தகட்டின் காதை அதன் மேல் மடக்கிவிட வேண்டும். பத்தில் ஒன்றை மடக்க மறந்துவிட்டார். மூன்றாம் நாள் அந்த போல்ட் கழன்று பற்சக்கரங்களுக்கு நடுவே விழுந்தது. ஓடுகிற ஓட்டத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டது. யாரும் சாகவில்லை. ஒரு வாரம் கழித்து லாரி டிரைவர் பட்டறைக்கு வந்தார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. "என்னை ஞாபகம் இருக்கா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார். முன்பல் இரண்டும் இல்லை. நாலு அறை விட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அந்தச் சிரிப்பு முப்பது வருஷமாகத் தீரவில்லை.

பட்டறையின் மறுபாதியில் வயரிங் வேலை நடந்தது. அதை நடத்தியவள் அவருடைய கொழுந்தியாள், மனைவியின் தங்கை. இடையில் ஒரு இடுப்புயரச் சுவர். அந்தச் சுவரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவரைச் சீண்டுவது அவளுக்கு டீ குடிப்பது மாதிரி, நாளைக்கு நாலு தரம் வேண்டும்.

"ஏன் அத்தான், கல்யாணத்தன்னிக்கு எங்க அக்கா கையைப் பிடிச்சப்பவும் மூணு தடவை முறுக்கிப் பாத்தீங்களாமே?"

"உங்க அக்கா சொன்னாளா?"

"கையில இன்னும் பொட்டு இருக்குன்னு சொன்னா."

அக்கா, அதாவது அவர் மனைவி, நர்ஸ். வாரத்தில் இரண்டு நாள் மலை மேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போய் வருவாள். அந்த ஆஸ்பத்திரியின் வண்டிதான் அந்த மாதம் பட்டறைக்கு வந்திருந்தது.

மலைப்பாதைக் கற்கள் அடிவயிற்றைக் கிழிக்கின்றன என்று யாரோ அந்த வண்டிக்குப் பெரிய டயர்களை மாட்டிவிட்டிருந்தார்கள். வண்டி உயர்ந்தது, ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. கால் பெரிதாகிவிட்டது, நெஞ்சு அதே நெஞ்சு. இறக்கத்தில் இன்னும் மோசம், கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் ஓடவிட்டது. இதற்கு மருந்து அச்சுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களை மாற்றுவதுதான். பினியன் இன்னும் அதிகம் சுற்றினால்தான் டயர் ஒரு சுற்று சுற்றும் என்று ஆக்கிவிட்டால், வண்டி வேகத்தை விட்டுக்கொடுத்துப் பலத்தை வாங்கிக்கொள்ளும். முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே கணக்கில் மாற்ற வேண்டும்.

ஒன்பது நாள் அந்த வேலை நடந்தது. பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிவிட்டு, பல்லும் பல்லும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று தடத்தைப் பார்ப்பார். தடம் ஓரமாக விழுந்தால் எல்லாவற்றையும் கழற்றி, தாள் போன்ற ஒரு தகட்டைச் சேர்ப்பார், அல்லது எடுப்பார். மறுபடி பசை, மறுபடி சுற்று. முன் அச்சை மட்டும் ஆறு முறை கழற்றினார். மனைவி உட்காரும் வண்டி அல்லவா.

கூடவே இரண்டு அச்சிலும் லாக் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டும் அதனதன் வேகத்தில் ஓட, நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் இடம் கொடுக்கிறது. ஆனால் சேற்றுப் பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், மொத்த பலமும் அந்தத் தொங்குகிற சக்கரத்துக்கே போய் வீணாகும். அப்போது சுவிட்சைத் தட்டினால், கம்ப்ரசரிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் காற்று போய் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பின் அச்சைப் பூட்டினால் வண்டி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். முன் அச்சைப் பூட்டினால் இன்னொன்றும் நடக்கும். திரும்ப வேண்டிய சக்கரங்கள் இரண்டும் ஒன்றை ஒன்று விடாமல் நேராகவே போகப் பார்க்கும். ஸ்டியரிங் பிடிவாதம் பிடிக்கும். சமதளத்தில் அது வெறும் தொல்லை. ஒரு பக்கம் பாதாளம் இருக்கும் வளைவில் என்ன ஆகும் என்பதைப் பொட்டுக்காரர் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை, ஆனால் ஒன்பது நாளும் அதையே நினைத்தார்.

எட்டாம் நாள் வண்டியின் நாலு சக்கரத்தையும் தூக்கி நிறுத்தி இரண்டு லாக்கையும் சோதித்தார்கள். கொழுந்தியாள் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் தட்ட, அவர் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஒன்பதாம் நாள் சாயங்காலம் வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு கடைசியாக அடியில் படுத்தவருக்கு, காற்றுக்குழாய்கள் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் போவதாகப் பட்டது. நாலு விரல் இடைவெளி போதும். ஆறு விரல் இருந்தது. இருந்தாலும் சூடு, உருகிவிட்டால்? இரண்டு குழாய்களையும் கம்ப்ரசர் முனையில் உருவி, வண்டியின் மறுபக்கமாக இழுத்துக் கட்டினார். இரண்டும் ஒரே மாதிரி நீலக் குழாய்கள். எது எது என்று தெரிய முனைகளில் டேப் சுற்றினார், ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குக் கறுப்பு. அதற்குள் டிரைவர் வண்டி எடுக்க வந்து வாசலில் நின்று கூப்பிட்டார்.

"நீங்க போய்ப் பேசுங்க அத்தான், முனையை நான் சொருகிடறேன்" என்றாள் கொழுந்தியாள்.

சொருகினாள். சுவிட்சைத் தட்டினாள். 'டக்'. அடுத்ததைத் தட்டினாள். 'டக்'. வாசலிலிருந்து அவர் தலையாட்டினார். கம்ப்ரசரைத் தாங்கும் போல்ட்டுக்கும் மறக்காமல் ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மனைவி வண்டியில் ஏறும்போது அவர் டிரைவரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அரைமணி ஓட்டிட்டு நிறுத்தி, அச்சைக் கையால தொட்டுப் பாருங்கண்ணே. கை வைக்க முடியாத சூடுன்னா நகராதீங்க. காஞ்ச ரோட்டுல லாக்கைத் தொடாதீங்க. இறங்கும்போது சேறா இருந்தா மட்டும் பின் லாக். முன் லாக்கைத் தொடவே தொடாதீங்க."

"அப்புறம் எதுக்கு மேஸ்திரி அதை மாட்டினீங்க?"

"கேட்டாங்க, மாட்டினேன்."

டிரைவர் பெரிய உருவம், சிரித்தால் வண்டியும் சேர்ந்து ஆடும். "சிஸ்டர், உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போயிடலாமா? சீட்டு காலியாத்தான் இருக்கு."

"அவரா? செக்போஸ்ட்டைத் தாண்டினாலே அவருக்குத் தலை சுத்தும்" என்றாள் மனைவி.

அது உண்மைதான். மலைக்குப் போகும் வண்டிகளுக்கு அச்சு பூட்டியே காலம் கழித்தவர், மலையில் ஒரு வளைவுகூட ஏறியதில்லை.

அன்று மதியம் பன்னிரண்டரை மணி இருக்கும். அதே மாதிரி வேலைக்கு இன்னொரு வண்டி வந்திருந்தது. கொழுந்தியாள் அதன் காற்றுக்குழாய்களை அளந்து வெட்டி, டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். பொட்டுக்காரர் பினியனில் எண்ணெய் துடைத்துக்கொண்டே எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, செவப்பைப் பின்னாடி போற குழாய்ல சுத்தற?"

"பின்னாடிதான செவப்பு லைட்டு இருக்கு? எப்பவும் அப்படித்தான் சுத்துவேன்."

பினியன் அவர் கையிலிருந்து விழவில்லை. அதை மெதுவாக மேஜையில் வைத்தார். வைத்த கை மேஜையிலேயே ஒட்டிக்கொண்டது.

"நேத்து?"

"நேத்து என்ன?"

"நேத்து நான் செவப்பை முன் குழாய்ல சுத்தியிருந்தேன். முன் லாக்குதான ஆபத்து. ஆபத்துக்குத்தான செவப்பு."

அவள் முதலில் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. இருவரும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே நேரத்தில் முடித்தார்கள். 'பின் லாக்' என்று எழுதியிருக்கும் சுவிட்சை டிரைவர் தட்டுவார். காற்று முன் அச்சுக்குப் போகும். நேற்று 'டக்' சத்தம் வருகிறதா என்று கேட்டார்களே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

பொட்டுக்காரர் "அவரு தட்ட மாட்டாரு, காலையில காஞ்ச ரோடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்து மலைப் பக்கம் பார்த்தார். மலையே தெரியவில்லை. கழுவாத கரித்துணி மாதிரி ஒரு மேகம் அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

மனைவிக்குப் போன் செய்தார். தொடர்பு கிடைக்கவில்லை. டிரைவருக்குச் செய்தார். கிடைக்கவில்லை. மலையில் மழை வந்தால் டவர் செத்துவிடும் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க?" என்றாள் கொழுந்தியாள்.

"மூணு மணி. மழைன்னா முன்னாடியே."

அவள் தன் சின்ன வேனின் சாவியை எடுத்தாள். "ஏறுங்க."

"நீ போயிட்டு வா, நான் இங்க போன்..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் பேசாமல் ஏறி உட்கார்ந்தார்.

வேன் செக்போஸ்ட்டைத் தாண்டியது. முதல் வளைவு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் மனைவி உட்கார்ந்திருக்கும் வண்டி வளைவில் நேராகப் போவது தெரிந்தது. திறந்தால் வேனின் ஜன்னலுக்கு வெளியே மரங்களின் உச்சி தெரிந்தது, வேர் தெரியவில்லை. எது தேவலை என்று தீர்மானிக்க முடியாமல் மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"நான் கேட்டிருக்கணும்."

"குழாயை நான் தொடாமலே இருந்திருக்கணும். நல்லாத்தான இருந்துச்சு."

அவள் கியரை மாற்றினாள். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பாள். இன்று அவள் சீண்டாதது அவரை மேலும் பயமுறுத்தியது. முப்பது வருஷமாக அவர் பயம் ஒரு கதவை மட்டும் காவல் காத்து வந்தது. போல்ட் கழன்று வரும் கதவு. நேற்று அந்தப் பயமே எழுந்துபோய், பூட்டியிருந்த இன்னொரு கதவைத் திறந்துவிட்டு வந்திருந்தது.

நாலாவது வளைவில் தூறல். ஆறாவதில் மழை. ஏழாவதில் தார் ரோடு முடிந்து செம்மண் பாதை தொடங்கியது. வேன் பத்தடி ஏறியது, சக்கரம் வழுக்கிச் சுற்றியது, பின்னால் சறுக்கியது. கொழுந்தியாள் பிரேக்கை மிதித்து, திரும்பாமலே சொன்னாள்: "இதுக்கு மேல இது ஏறாது அத்தான்."

மணி இரண்டரை.

"நீ இங்கயே நில்லு. எனக்குத் தப்பி வண்டி வந்துட்டா, கையைக் காட்டி நிறுத்து."

"நீங்க?"

அவர் ஏற்கெனவே இறங்கியிருந்தார். "அத்தான், மலைப்பக்கமாவே நடங்க. அந்தப் பக்கம் பாக்காதீங்க" என்று அவள் கத்தியது மழையில் பாதிதான் கேட்டது.

மலைச்சுவரில் இடது உள்ளங்கையைப் பதித்து, அதை எடுக்காமலே நடந்தார். மண் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. ஒரு செருப்பை விட்டுவிட்டார், இன்னொன்றைத் தானே கழற்றி எறிந்தார். எட்டாவது வளைவு. வலதுபக்கம் இருப்பதைப் பார்க்கவில்லை, ஆனால் காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்ததால், அங்கே எதுவும் இல்லை என்பது கன்னத்துக்குத் தெரிந்தது.  "நட, நட" என்று வாய்விட்டுத் தன் கால்களிடம் சொன்னார்.

ஒன்பதாவது வளைவை நெருங்கும்போது மேலேயிருந்து என்ஜின் சத்தம் கேட்டது. அடி கியரில், மிக மெதுவாக, கிழவர் படி இறங்குவது போல வந்துகொண்டிருந்தது. அது அவர் பற்சக்கரங்களின் சத்தம்தான். ஆயிரம் வண்டியில் கண்டுபிடிப்பார். கையை உயர்த்திக் கத்தினார். மழை கத்தலை விழுங்கிவிட்டது.

சத்தம் திடீரென்று நின்றது.

அதற்குப் பிறகு அவர் எப்படிப் போனார் என்பது அவருக்கே நினைவில்லை. சுவரிலிருந்து கையை எடுத்திருந்தார் என்பது மட்டும் பின்னால் தெரிந்தது, ஏனென்றால் இரண்டு கையும் சேறாக இருந்தது. தவழ்ந்திருக்க வேண்டும்.

வளைவின் விளிம்பில், முழங்கால் உயரக் கல்கட்டையில் முன் டயரை அழுத்திக்கொண்டு வண்டி நின்றது. கல் ஒரு சாண் வெளியே தள்ளியிருந்தது. டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் மனைவி மருந்துப் பெட்டியை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பொட்டுக்காரர் முதலில் பார்த்தது டிரைவரின் வாயை. பல் எல்லாம் இருந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி, உதடு மட்டும் அசைய. "நீங்களா? மலையிலயா?"

அவர் பாதையோரம் கிடந்த கற்களைப் பெயர்த்து நாலு சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்தார். பிறகு மலைப்பக்கக் கதவைத் திறந்து அவளை இறக்கினார். டிரைவரும் அதே பக்கமாக இறங்கினார்.

"பின் லாக்கைத் தட்டினேன் மேஸ்திரி. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. வண்டி நேரா போகுது, நான் திருப்பறேன், அது பாட்டுக்கு நேரா போகுது. நல்லவேளை நடக்கிற வேகம்தான். புது கியர் பிடிச்சு வெச்சிருந்துச்சு. இல்லேன்னா கல்லும் நிக்காது, நாங்களும் நிக்க மாட்டோம்."

"குழாய் மாறிப்போச்சுண்ணே," என்றார் பொட்டுக்காரர். "முன்னாடி போறது பின்னாடி, பின்னாடி போறது முன்னாடி. என் தப்பு. நல்லா இருந்ததைக் கழட்டி நான்தான் மாத்தினேன்."

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சேற்றில் முக்கி எடுத்தது போல, செருப்பில்லாமல், நடுங்கிக்கொண்டு ஒரு மனிதர். "இதைச் சொல்றதுக்கா நடந்து வந்தீங்க?" என்றார். புது கியரைப் புகழ்ந்தவர், அதைப் பூட்டியவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொட்டுக்காரருக்கும் அது நியாயமாகவே பட்டது.

பானெட்டைத் திறந்தார்கள். கம்ப்ரசரில் இரண்டு முனைகள், பக்கத்தில் பக்கத்தில். சின்ன வளையத்தை அழுத்திக்கொண்டு குழாயை உருவ வேண்டும், அவ்வளவுதான். பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். இப்போது விரல் வளையத்தில் நிற்கவில்லை. மூன்று முறை நழுவியது.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் விரல்கள் அழுகிற குழந்தையின் கையில் நரம்பு தேடிப் பழகியவை. "நகருங்க. எது எங்க போகணும்னு மட்டும் சொல்லுங்க."

"செவப்பு சுத்தினது அங்க. கறுப்பு இங்க."

உருவினாள். மாற்றிச் சொருகினாள். இழுத்துப் பார்த்தாள்.

"சரியா இருக்கா?" என்றார் அவர்.

"இருக்கு."

"இன்னொரு தடவை இழுத்துப் பாரு."

"பாத்துட்டேன்."

"இன்னொரு..."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஆனாலும் இழுத்துக் காட்டினாள்.

கல்லிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தது டிரைவர் ஒருவரே. லாக் எதுவும் போடாமல், அடி கியரில், அங்குலம் அங்குலமாக. அந்த நேரம் முழுக்கப் பொட்டுக்காரர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி பாதைக்கு நடுவில் வந்து நின்ற பிறகும் விடவில்லை.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இன்னும் ரெண்டு வளைவு சேறு இருக்கு. பின் லாக் இல்லாம இறங்க முடியாது. ஆனா ஒண்ணு மேஸ்திரி. நான் அந்தச் சுவிட்சைத் தட்டணும்னா, நீங்க என் பக்கத்துல உட்காரணும்."

டிரைவருக்குப் பக்கத்து சீட்டு பாதாளத்தின் பக்கம் இருந்தது. பொட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பின் சீட்டில் ஏறி மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஏறிய பிறகு அவருக்கு யோசிக்க எதுவும் மிச்சமில்லை. முட்டுக் கற்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினார். ஜன்னலுக்குக் கீழே பாதை தெரியவில்லை. மழை நேராகக் கீழே போய், போய், எங்கோ விழுந்தது. பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டைக் காலரைப் பற்றியது.

"தட்டட்டா?"

அவர் கண்ணை மூடவில்லை. மூடினால் காதும் மூடிக்கொள்ளும் என்று பயந்தார்.

"தட்டுங்க."

'டக்'. சத்தம் முதுகுக்குப் பின்னால், மனைவியின் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது. டிரைவர் பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்து, ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினார். முன் சக்கரங்கள் சொன்ன பேச்சைக் கேட்டு மலைப்பக்கம் திரும்பின.

"சரியா மேஸ்திரி?"

"லாக்கை எடுத்துட்டு இன்னொரு தடவை தட்டுங்கண்ணே."

"மேஸ்திரி!"

"தட்டிடுங்கண்ணே," என்றாள் பின்னாலிருந்து மனைவி, காலரை விடாமல். "மூணு தடவை கேக்காம இவரு இந்த மலையை விட்டு இறங்க மாட்டாரு."